சல்லடைக்கு ஒன்று, டிரெய்லருக்கு வேறொன்று: வெல்டு விளிம்பைத் திருத்தும் முறைகள், ஓர் ஒப்பீடு

காரைக்குடியிலிருந்து திருமயம் வழியாகப் புதுக்கோட்டை செல்லும் சாலையிலும், தேவகோட்டை, திருப்பத்தூர் சாலைகளிலும் உள்ள வெல்டிங் பட்டறைகளுக்கு இரண்டு வகை வேலைகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்று, கல் கிரஷர்களில் ஜல்லியை அளவு பிரிக்கும் அதிர்வுச் சல்லடை. மற்றொன்று, தைலமரக் கட்டையும் செம்மண்ணும் நெல் மூட்டையும் ஏற்றிச் செல்லும் டிராக்டர் டிரெய்லர். இரண்டிலும் புகார் ஒன்றுதான்: வெல்டு ஓரமாக விரிசல் விடுகிறது, மேலே இன்னொரு ராடு போட்டு மூடினால், சில வாரங்களில் அதே இடத்திலோ அதற்கு விரற்கடை தள்ளியோ மறுபடியும் விரிசல் விடுகிறது. உரிமையாளர் கேட்கும் கேள்வி நியாயமானது. கூடக் கொஞ்சம் செலவு செய்து ஒரே தடவையில் இதை நிறுத்த வழி உண்டா? உண்டு. ஆனால் சல்லடைக்குப் பொருந்தும் வழி டிரெய்லருக்குப் பொருந்தாது. ஒரே கருவியை வாங்கி இரண்டுக்கும் பயன்படுத்தலாம் என்று எண்ணிப் பணத்தைப் போடுவதற்கு முன், தகட்டின் தடிமனையும் சுமையின் தன்மையையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதலில் விரிசல் எங்கே பிறக்கிறது என்பதைத் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். வெல்டின் நடுவில் அது பிறப்பது அரிது. வெல்டு உலோகம் தகட்டைச் சந்திக்கும் ஓரக் கோட்டில், அதாவது வெல்டர்கள் ‘டோ’ என்று சொல்லும் விளிம்பில்தான் பெரும்பாலும் பிறக்கிறது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸை வைத்து ஒரு சாதாரண ஃபில்லெட் வெல்டின், அதாவது இரண்டு தகடுகள் சேரும் மூலையை நிரப்பும் வெல்டின், விளிம்பைப் பார்த்தால், கண்ணுக்கு ஒழுங்கான கோடாகத் தெரிந்த இடம் சிறு சிறு பள்ளங்களும், ஸ்லாக் எனும் வெல்டுக் கசடு ஒட்டிக்கொண்ட கீறல்களும், உலோகம் வழிந்து தகட்டின் மேல் ஒட்டாமல் படிந்த மடிப்புகளுமாக இருக்கும். இவற்றின் ஆழம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்தில் நான்கு பங்கு வரைதான். ஆனால் மாறி மாறி வரும் சுமைக்கு அதுவே போதும். வெல்டு இல்லாத இரும்பில் விரிசல் தோன்றுவதற்கே ஆயுளின் பெரும்பகுதி செலவாகும். வெல்டு விளிம்பிலோ விரிசல் தயாராகக் காத்திருக்கிறது. மிச்ச ஆயுள் முழுவதும் அது வளர்வதற்கான காலம் மட்டுமே.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்க முயல்கிறது; சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆகவே விளிம்பைச் சுற்றி, வெளியிலிருந்து எந்தச் சுமையும் வராதபோதே, எஃகின் இளகு வலிமையை (எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவை) தொடும் அளவுக்கு இழுவிசைத் தகைவு (பரப்பின் மேல் பரவி நிற்கும் இழுவிசை) உள்ளே எஞ்சி நிற்கிறது. இந்த இரண்டு காரணங்களாலும் ஒரு கசப்பான உண்மை பிறக்கிறது: வெல்டு போட்டபடியே விடப்பட்ட மூட்டில், எஃகு எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் அதன் சோர்வு வலிமை, அதாவது மாறி மாறி வரும் சுமையை விரிசல் விடாமல் தாங்கும் திறன், ஏறுவதில்லை. ஐ.எஸ். 2062 தரத்தில் இ250 எஃகுக்குப் பதில் இ350 வாங்கினால் சேனல் நிரந்தரமாக வளைந்துபோவது குறையும்; ஆனால் விளிம்பில் விரிசல் விடும் காலம் அநேகமாக அப்படியேதான் இருக்கும். ‘கெட்டியான இரும்பாகப் போட்டுக் கொடுங்கள்’ என்று கூடுதல் விலை கொடுப்பவர்களிடம் இதை நேர்மையாகச் சொல்வது பட்டறைக்காரரின் கடமை.

சுமையைத் தாங்காத சிறு துணுக்கு வெல்டுதானே என்று எதையும் அலட்சியம் செய்ய முடியாது. 1980 மார்ச் 27 அன்று வட கடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். நீரடி ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்துவதற்காக ஒரு தாங்கு குழாயில் வைக்கப்பட்ட பிடியின் 6 மி.மீ. ஃபில்லெட் வெல்டிலிருந்து கிளம்பிய சோர்வு விரிசலே அதற்குத் தொடக்கம். டிரெய்லரின் கீழே ஸ்பேர் டயர் மாட்டவோ சங்கிலி கட்டவோ சேசிஸின் அடிப்பட்டையில் ஒரு கொக்கியை வெல்டு வைக்கும்போதெல்லாம் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

விளிம்பைத் திருத்தும் முறைகள் எல்லாமே இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ஒன்று, விளிம்பின் வடிவத்தை மாற்றிக் குறைகளைச் செதுக்கி எடுத்துவிடுகின்றன. மற்றொன்று, விளிம்பைத் தட்டி உலோகத்தைக் குளிர்ந்த நிலையிலேயே நசுக்கி, அங்கிருந்த இழுவிசைத் தகைவுக்குப் பதிலாக அமுக்கத் தகைவைப் பதியவைக்கின்றன. விரிசலின் வாய் அமுக்கத்தில் மூடியே இருந்தால் அது வளராது. தேர்வு முழுவதும் இந்த வேறுபாட்டையே சுற்றி நிற்கிறது. செதுக்கிய வடிவம் எந்தச் சுமையிலும் அப்படியே இருக்கும். தட்டிப் பதித்த அமுக்கமோ, சுமை எப்படி வருகிறது என்பதைப் பொறுத்து நிலைக்கவும் செய்யும், அழிந்துபோகவும் செய்யும்.

செதுக்கும் முறையில் முதன்மையானது கார்பைடு பர் எனும் கடினமான சிறு சுழல் அரம் பொருத்திய டை கிரைண்டர். நிமிடத்துக்கு 15,000 முதல் 40,000 சுற்று வரை ஓடும் இக்கருவியின் உருண்டை முனையை விளிம்பின் மேல் சாய்த்துப் பிடித்து, கண்ணுக்குத் தெரியும் அண்டர்கட்டின் (விளிம்பை ஒட்டித் தகட்டில் விழுந்த பள்ளத்தின்) அடிக்குக் கீழே குறைந்தது அரை மில்லிமீட்டர் ஆழம் வரை மென்மையான குழிவாகச் செதுக்க வேண்டும். இந்த அரை மில்லிமீட்டரில்தான் விஷயமே இருக்கிறது. மேலோட்டமாகப் பளபளப்பாக்கி நிறுத்தினால் கீறல்களின் அடிப்பகுதி உள்ளேயே தங்கிவிடும்; பார்வைக்கு அழகும் உள்ளே பழைய நோயுமாக அது நிற்கும். அதே சமயம், சர்வதேச வெல்டிங் நிறுவனமான ஐ.ஐ.டபிள்யூ.வின் பரிந்துரைப்படி செதுக்கும் ஆழம் 2 மி.மீ.ஐயோ தகட்டுத் தடிமனில் 7 சதவீதத்தையோ தாண்டக் கூடாது. நம் பட்டறைகளுக்கு இங்கேதான் சிக்கல். 6 மி.மீ. தகட்டில் 7 சதவீதம் 0.42 மி.மீ. மட்டுமே. அதாவது குறைந்தபட்சம் தேவைப்படும் ஆழமே அனுமதித்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. 8 மி.மீ. தகட்டில் 0.56 மி.மீ. வரை போகலாம் என்பதால், வெல்டு சுத்தமாக இருந்தால் மட்டும் அது சாத்தியம். 10 மி.மீ.க்கு மேல் தாராளமாகச் செய்யலாம்.

இதில் வேகம் குறைவு. கைதேர்ந்தவர் செய்தாலும் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அவசரத்தில் நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரை எடுத்து வட்டைத் தட்டையாகப் படுக்கவைத்து இழுப்பவர்கள் உண்டு. அது பர்ருக்கு மாற்று ஆகாது. வட்டு விளிம்புக்கு இணையாகக் கோடு கோடாகக் கீறிவிட்டுப் போகும். சுமை விளிம்புக்குக் குறுக்காக இழுப்பதால், அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் புதிய விரிசலுக்கு வாசலாகிவிடும். கீறல் தடம் எப்போதும் சுமையின் திசையில், அதாவது விளிம்புக்குக் குறுக்காகவே இருக்க வேண்டும். வட்டு கை வழுக்கித் தகட்டை ஆழமாகத் தின்றுவிட்டால், வெல்டு போடாத நல்ல உலோகத்திலேயே நாம் ஒரு பலவீனத்தை உண்டாக்கியவர்களாவோம்.

தட்டும் முறைகளில் பழையது காற்றழுத்தச் சுத்தியல். ஸ்லாக் உடைக்கும் காற்றுச் சிப்பிங் சுத்தியலில் உளிக்குப் பதிலாக 6 முதல் 14 மி.மீ. வரை விட்டமுள்ள, கடினப்படுத்திய உருண்டை முனைக் கம்பியைப் பொருத்தி, 5 முதல் 7 பார் காற்றில், விளிம்பின் மேலேயே நான்கு முறை ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில் முனை விளிம்பை விட்டு இப்படியும் அப்படியும் துள்ளும். இரண்டாவது ஓட்டத்திலிருந்து அது விழுந்த பள்ளத்திலேயே வழி கண்டுகொள்ளும். நான்காவது முடியும்போது சுமார் அரை மில்லிமீட்டர் ஆழத்தில், இடைவெளி விடாத, பளபளப்பான ஒரே தடம் தெரிய வேண்டும். லென்ஸில் பார்த்தால் அந்தத் தடத்தின் நடுவில் பழைய விளிம்புக் கோடு மயிரிழை அளவுகூடத் தென்படக் கூடாது. தென்பட்டால், தட்டியது விளிம்பை அன்று, அதன் பக்கத்தை; மீண்டும் ஓட்ட வேண்டும். வெல்டு சூடாக இருக்கும்போதே உருண்டைத் தலைச் சுத்தியலால் கையால் நான்கு தட்டுத் தட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. கோணலைக் குறைப்பதற்காகச் செய்யும் வேலை அது. சோர்வு வலிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இங்கே பேசப்படுவது முழுவதும் ஆறிய உலோகத்தின் மேல் செய்யும் வேலை.

இம்முறைக்குத் தகடு குறைந்தது 10 மி.மீ. வேண்டும் என்கிறது ஐ.ஐ.டபிள்யூ. பரிந்துரை. செய்பவரின் உடல்நலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கையில் ஏறும் அதிர்வு கடுமையானது. நாள் முழுவதும் பிடித்தால் விரல்கள் மரத்து வெளுத்துப்போகும் நோய் வரும். சத்தமும் காதைப் பாழாக்கும். காதுக்குக் காப்பு, அதிர்வு தாங்கும் கையுறை, ஆள் மாற்றி மாற்றிச் செய்தல் ஆகியவை இல்லாமல் ஓர் இளைஞரை இந்த வேலையில் நிறுத்துவது சரியன்று.

இதன் மேம்பட்ட வடிவமே எச்.எஃப்.எம்.ஐ. எனப்படும் உயர் அதிர்வெண் இயந்திரத் தாக்கு முறை. சோவியத் நாட்டில் கப்பல் கட்டும் வேலைகளுக்காக மீயொலியைக் கொண்டு உருவான தாக்கு முறை இதன் முன்னோடி. இன்று மீயொலியால் இயங்கும் கருவிகளும் காற்றழுத்தத்தால் இயங்கும் கருவிகளும் உண்டு. சில மில்லிமீட்டர் விட்டமே உள்ள உருண்டை முனைக் கம்பிகள் நொடிக்கு 90க்கும் மேற்பட்ட முறை விளிம்பைத் தாக்குகின்றன. தடம் 0.2 முதல் 0.6 மி.மீ. வரை ஆழமும் 3 முதல் 6 மி.மீ. வரை அகலமும் கொண்டதாக, சுத்தியலின் தடத்தைவிடச் சீராக விழுகிறது. கைக்கு அதிர்வு குறைவு, வேகம் அதிகம், வேலையின் தரம் ஆளுக்கு ஆள் மாறுவது குறைவு. 2016ஆம் ஆண்டில் ஐ.ஐ.டபிள்யூ. இதற்கெனத் தனிப் பரிந்துரை நூலையே வெளியிட்டது. அதன்படி 5 மி.மீ. தடிமனிலிருந்தே இதைச் செய்யலாம். கிரைண்டராலும் சுத்தியலாலும் தொட முடியாத 6 மி.மீ. தகட்டுக்கு இது ஒன்றே வழிவிடுகிறது. விலைதான் தடை. கருவி பல லட்ச ரூபாய் பெறும்.

மற்ற முறைகளை ஒரு பார்வை பார்த்தால் போதும். எஃகுக் குண்டுகளைப் பொழியும் ஷாட் பீனிங் லாரியின் லீஃப் ஸ்பிரிங்குக்கு மிகச் சிறந்தது. ஆனால் அதன் அமுக்கம் பத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரைதான் போகும் என்பதால், அதைவிட ஆழமான அண்டர்கட்டுகள் அதற்கு அகப்படாமல் தப்பிவிடும். பெயின்ட் உரிக்கும் நீடில் ஸ்கேலரின் ஊசி முனைகளை உருண்டையாக்கிப் பயன்படுத்தும் முறை சுத்தியலுக்குத் தம்பி போன்றது. பதிவு சற்று மேலோட்டமாக இருக்கும். டிக் எனும் ஆர்கான் வாயு வெல்டிங் டார்ச்சால் விளிம்பை மறுபடி உருக்கி மிருதுவாக்குவது நல்ல முறைதான், ஆனால் அது வெப்ப முறை. ஆர்கானும், துரு படியாத பரப்பும், காற்றடிக்காத இடமும் வேண்டும். ஆடி மாதக் காற்றில் திறந்தவெளியில் அதைச் செய்ய முடியாது.

இனி எண்களால் ஒப்பிடுவோம். ஐ.ஐ.டபிள்யூ. முறையில் ஒவ்வொரு மூட்டு வகைக்கும் ஒரு ‘ஃபேட்’ எண் உண்டு. சுமை ஒரு தடவை ஏறி இறங்குவது ஒரு சுழற்சி; அதில் வரும் மிக உயர்ந்த தகைவுக்கும் மிகக் குறைந்த தகைவுக்கும் உள்ள வித்தியாசம் தகைவு வீச்சு. 20 லட்சம் சுழற்சிகளை அந்த மூட்டு எத்தனை மெகாபாஸ்கல் (தகைவின் அலகு) தகைவு வீச்சில் தாங்கும் என்பதே அந்த எண். தகட்டின் மேல் குறுக்காக ஃபில்லெட் வெல்டால் ஒட்டிய, சுமையைத் தாங்காத பட்டைக்கு அது 80. பர் செதுக்கினால் 1.3 மடங்கு, அதாவது 104. சுத்தியல் முறைக்கு, 355 மெகாபாஸ்கலுக்குக் குறைந்த இளகு வலிமை உடைய எஃகில் அதே 1.3 மடங்கு, 355ஐத் தொட்டால்தான் 1.5 மடங்கு. நம் இ350 எஃகின் உறுதியளிக்கப்பட்ட இளகு வலிமை 350 என்பதால், ஐந்து மெகாபாஸ்கல் குறைவில் அந்தச் சலுகையை இழக்கிறது. ஆகவே நம் பட்டறைகளில் புழங்கும் இரண்டு எஃகுகளுக்குமே, கணக்கின்படி சுத்தியலும் பர்ரும் சமம். எச்.எஃப்.எம்.ஐ. அப்படியன்று. இதே எஃகுகளில் ஃபேட் எண்களின் வரிசையில் நான்கு படி ஏறி 80லிருந்து 125க்குப் போகிறது. அதோடு தகைவு வீச்சையும் சுழற்சி எண்ணிக்கையையும் இணைக்கும் ஆயுள் வரைகோட்டின் சரிவும் மாறுவதால், சுழற்சி எண்ணிக்கை கூடக் கூட அதன் ஆதாயமும் கூடுகிறது. 100 மெகாபாஸ்கல் வீச்சில் கணக்கிட்டால், வெல்டு போட்டபடியே விட்ட மூட்டு சுமார் 10 லட்சம் சுழற்சி, செதுக்கியது சுமார் 22 லட்சம், எச்.எஃப்.எம்.ஐ. செய்தது சுமார் 61 லட்சம். இன்னும் உயர்ந்த ரக எஃகுகளுக்கு இந்தப் படிகள் ஐந்து, ஆறு என்று ஏறும். உயர்ந்த எஃகுக்குக் கொடுக்கும் பணம் விளிம்பைத் தட்டினால்தான் பலன் தருகிறது.

இந்த எண்களைச் சல்லடைக்குப் பொருத்திப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 900 முறை அதிரும் சல்லடை, நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரே நாளில் 5,40,000 சுழற்சிகள் ஆகின்றன. நான்கே நாளில் 20 லட்சம்; பத்தொன்பது நாளுக்குள் ஒரு கோடி. ஆகவே இங்கே கேட்க வேண்டியது ‘எத்தனை சுழற்சி தாங்கும்’ என்பதன்று. ஒரு கோடிக்கு அப்பாலும் எந்தத் தகைவு வீச்சில் விரிசல் வளராமல் நிற்கும் என்பதே கேள்வி. அதே மூட்டுக்கு ஒரு கோடி சுழற்சியில், வெல்டு போட்டபடி விட்டால் சுமார் 47 மெகாபாஸ்கல், செதுக்கினால் சுமார் 61, எச்.எஃப்.எம்.ஐ. செய்தால் சுமார் 90. ஏறக்குறைய இரண்டு மடங்கு. சல்லடையில் வரும் சுமையும் தட்டும் முறைகளுக்கு மிகவும் தோதானது. பக்கத் தகடு முன்னும் பின்னும் வீசப்படுவதால் தகைவு இழுவிசையிலிருந்து அமுக்கத்துக்கும், அமுக்கத்திலிருந்து இழுவிசைக்கும் ஏறக்குறைய சம அளவில் மாறுகிறது. நிலையான சுமை மிகக் குறைவு. பதித்த அமுக்கம் முழுப் பலனோடு நிலைத்திருக்கும் சூழல் இது.

ஆனாலும் சல்லடைக்கு என் முதல் பரிந்துரை எந்தக் கருவியும் இல்லாதது: பக்கத் தகட்டில் வெல்டே வேண்டாம். நல்ல சல்லடைத் தயாரிப்பாளர்கள் பலர் பக்கத் தகட்டையும் குறுக்குச் சட்டங்களையும் ஹக் போல்ட்டால் (வளையத்தை நசுக்கிப் பூட்டும், அதிர்வில் தளராத போல்ட்டால்) இணைப்பது இதற்காகத்தான். உடைந்த இடத்தில் ஒரு பட்டையை வைத்துச் சுற்றிலும் வெல்டு போடும் பழுதுபார்ப்பு, ஒரு விளிம்புக்குப் பதில் நான்கு விளிம்புகளை உண்டாக்குகிறது. ஏற்கெனவே வெல்டு உள்ள சல்லடையில், விறைப்புப் பட்டைகள் முடியும் நுனிகளே முதலில் விடும் இடங்கள். கல்தூசி படிந்த பக்கத் தகட்டில், பட்டையின் நுனியிலிருந்து மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று பெயின்டைப் பிளந்துகொண்டு கிளம்பியிருந்தால், உள்ளே இரண்டு முகங்கள் உராய்ந்து துருப்பொடியைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அதைக் கண்டதும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். புதிதாகச் செய்யும் நுனிகளுக்கு, தகடு 10 மி.மீ. என்றால் காற்றுச் சுத்தியல் போதுமான தொடக்கம்; 6, 8 மி.மீ. என்றால் எச்.எஃப்.எம்.ஐ.யே தகும்.

டிரெய்லருக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. தைலமரக் கட்டை ஏற்றிய டிரெய்லரின் சேசிஸில் அந்தப் பாரத்தால் மட்டும் 100 மெகாபாஸ்கல் இழுவிசை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் வரும் மண்பாதையின் குலுக்கலில் அது 70க்கும் 130க்கும் இடையே ஏறி இறங்குகிறது. மிகக் குறைந்த தகைவை மிக உயர்ந்த தகைவால் வகுத்தால் 0.54. இந்த விகிதம் 0.4ஐத் தாண்டினால் சுத்தியல் முறைக்கும், 0.52ஐத் தாண்டினால் எச்.எஃப்.எம்.ஐ.க்கும் எந்த ஆதாயமும் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்கின்றன பரிந்துரைகள். காரணம் எளிது: நிலையான பாரமே விளிம்பை இழுத்துத் திறந்து வைத்திருப்பதால், பதித்து வைத்த அமுக்கம் அதை ஈடுகட்டுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் வரும் முழு வீச்சுக்குத் தட்டிய விளிம்பு உதவும்தான். ஆனால் அது நடைக்கு ஒரு தடவை, குலுக்கலோ நடைக்கு ஆயிரக்கணக்கில். இதற்கு மேல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிப் பள்ளத்தில் ஒரே ஒரு தடவை இறங்கி, தகைவு இளகு வலிமையின் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், பதித்த அமுக்கம் கலைந்துபோகலாம். அறுவடைக் காலத்தில் நம் ஊர் டிரெய்லர்கள் ஏற்றும் பாரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆகவே டிரெய்லருக்கு லட்சக்கணக்கில் கருவி வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். செதுக்கிய விளிம்பு இந்த விகிதத்தைப் பார்ப்பதில்லை, அதன் 1.3 மடங்கு எல்லா நிலையிலும் நிற்கிறது. 150 மி.மீ. சேனலின் பட்டை (மேலும் கீழும் நீண்டிருக்கும் பகுதி) ஏறக்குறைய 9 மி.மீ. இருப்பதால் அங்கே கவனமாகப் பர் செதுக்கலாம். அதே சேனலின் நடுத்தகடு 6 மி.மீ.க்கும் குறைவு, அங்கே செதுக்கவும் கூடாது, சுத்தியல் போடவும் கூடாது. அங்கே உதவுவது வடிவமைப்பு. குறுக்குச் சட்டத்தைச் சேனலின் மேல்பட்டையிலோ அடிப்பட்டையிலோ ஒட்டாமல், வளைவுத் தகைவு மிகக் குறைவாக உள்ள நடு உயரத்தில் ஒட்டுவது. மூலையை வலுப்படுத்தும் கசட் பிளேட்டின் நுனியைச் சதுரமாக வெட்டி நிறுத்தாமல் வளைவாக இழைத்துவிடுவது. கொக்கிகளைப் பட்டையில் வெல்டு வைக்காமல் கிளாம்ப் போட்டுப் பிடிப்பது. இவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம், பலனோ எந்தக் கருவியைவிடவும் குறைந்ததன்று.

எந்த முறையைத் தேர்ந்தாலும் தப்ப முடியாத ஓர் எல்லை உண்டு. இவை எல்லாம் விளிம்பை மட்டுமே காக்கும்; வெல்டின் வேரை, அதாவது உள்ளே தகடுகள் சந்திக்கும் அடிப்பகுதியை, காக்கா. சுமையைத் தாங்கும் ஃபில்லெட் வெல்டின் வேருக்கு ஃபேட் 36தான், அதுவும் வெல்டின் கழுத்துத் தகைவை (வேரிலிருந்து வெல்டின் முகம் வரையுள்ள குறைந்த தடிமனில் வரும் தகைவை) கொண்டு கணக்கிட வேண்டியது. ஒருபக்கம் மட்டும் மெல்லியதாக வெல்டு போட்டுவிட்டு அதன் விளிம்பை மணிக்கணக்கில் செதுக்கினால், விரிசல் உள்ளிருந்து கிளம்பி நடு வெல்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அப்போது அது கண்ணில் படுவதற்குள் காலம் கடந்திருக்கும். முதலில் இரண்டு பக்கமும் வெல்டு, தேவையான கழுத்துத் தடிமன், முக்கியமான இடங்களில் முழு ஊடுருவல்; அதன் பிறகே விளிம்பைப் பற்றிய பேச்சு.

எச்.எஃப்.எம்.ஐ. கருவியை ஒரே பட்டறை வாங்குவது கட்டுப்படியாகாது. ஆனால் சல்லடைகளை நம்பியிருக்கும் கிரஷர்காரர்கள் நான்கைந்து பேரும் ஒரு பட்டறையும் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். சல்லடை ஒரு நாள் நின்றால் ஜல்லி மட்டுமா நிற்கிறது? லாரியும் ஆட்களும் சேர்ந்தே நிற்கிறார்கள். கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு (குடும்பக் கணக்குக்கு) இவ்வளவு என்று வரி வைத்துப் பொதுவில் செலவிடும் வழக்கம் வேரோடியிருக்கும் இந்த வட்டாரத்தில், கருவி ஒன்றைப் பங்கு போட்டு வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வது நடக்காத காரியம் அன்று. பயிற்சிக்கும் சோதனைக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருச்சியில் பெல் நிறுவனத்தின் கீழ் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவருகிறது; காரைக்குடியிலேயே அழகப்பா பொறியியல் கல்லூரி இருக்கிறது. இந்த ஒத்துழைப்பு கைகூடும்வரை, ஒரு நல்ல காற்று டை கிரைண்டரும், இரண்டு மூன்று கார்பைடு பர்களும், ஒரு லென்ஸும் ஒவ்வொரு பட்டறையிலும் இருக்க வேண்டும். இவை ஆயிரக்கணக்கில் முடிந்துவிடும் செலவு.

செய்யும் வரிசையும் முக்கியம். தட்டுவதற்கு முன்பே சிவப்பு-வெள்ளை டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம்) அடித்து விரிசல் ஏதும் இல்லை என்று பார்த்துவிட வேண்டும்; தட்டிய பிறகு நசுங்கிய உலோகம் விரிசலின் வாயை மூடிவிடுவதால் எந்தச் சோதனையிலும் அது எளிதில் தெரியாது. உலோகம் வழிந்து படிந்த மடிப்பு இருந்தால் லேசாகச் செதுக்கி நீக்கிய பிறகே தட்ட வேண்டும். தட்டி முடித்த மூட்டின் அருகே மறுபடி வெல்டு போடுவதோ, கோணலை நிமிர்த்தக் கேஸ் டார்ச்சால் சூடு காட்டுவதோ, சுமார் 450 டிகிரி வெப்பத்தில் துத்தநாகத்தில் முக்கி எடுப்பதோ கூடாது. சூடு பதித்த அமுக்கத்தைத் தளர்த்திவிடும். செதுக்கினாலும் தட்டினாலும் விளிம்பில் வெறும் உலோகம் வெளியே தெரியும் என்பதால், அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். ஓர் இரவு மழையில் விட்டுப் பிடித்த துருக்குழிகள், பாடுபட்டு நீக்கிய கீறல்களின் இடத்தில் புதியவற்றை உண்டாக்கிவிடும். பிரைமரின் மேல் அடிக்கும் கடைசிப் பூச்சு வெளிர் நிறமாக இருக்கட்டும். சல்லடை ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில் தினமும் ஓட்டம் நின்றதும், அதன் பிறகு வாரம் ஒரு முறையும், தூசியைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு பட்டை நுனியையும் டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெளிர்ப் பூச்சின் மேல் பழுப்புக் கோடு விழுந்தால் உடனே கண்ணில் படும்.